ஐம்பதாவது ஆள்: கியூபெக் மாணவர் போராட்டமும் 78-ஆம் மசோதாவும்

நாற்பத்தொன்பது பேர் சேர்ந்து தெருவில் ஊர்வலம் போனால் முன்கூட்டி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதாவது ஆள் வந்து சேர்ந்துகொண்டால், எட்டு மணி நேரத்துக்கு முன்பே போலீசுக்கு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2012 மே 18 அன்று நிறைவேறிய ஒரு சட்டம் இப்படிக் கணக்குப் போட்டது. முதல் வரைவில் அந்த எண் பத்துதான். பத்துப் பேர் என்றால் ஒரு பெரிய குடும்பம் கொடி பிடித்தாலே மாட்டிக்கொள்ளும் என்பதாலோ என்னவோ, விவாதத்தின்போது அதை ஐம்பதாக உயர்த்தினார்கள்.

போராடும் உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்றதும் ‘இனி யாரும் போராடக் கூடாது’ என்று உறுமும் ஓர் ஆணையைத்தான் பலர் கற்பனை செய்கிறார்கள். மக்களாட்சி நாடுகளில் அப்படிப்பட்ட சட்டம் அபூர்வம். அங்கே வருபவை படிவத்தைப் போலச் சாதுவானவை. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த வழியாக என்று கேட்கும். பதில் தராவிட்டால் என்ன ஆகும் என்பதை வேறொரு பிரிவில் வைத்திருக்கும். இந்த வகைச் சட்டம் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்ள கியூபெக்கின் 78-ஆம் மசோதாவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 2011 மார்ச் பட்ஜெட்டில், ழான் ஷாரே தலைமையிலான லிபரல் அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்தப்போவதாக அறிவித்தது. அப்போது கியூபெக் மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 2,168 கனடிய டாலர் கட்டிக்கொண்டிருந்தார். 2012 இலையுதிர் காலத்திலிருந்து ஆண்டுக்கு 325 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகள் ஏற்றி, 3,793 டாலரில் நிறுத்துவது திட்டம். 75 விழுக்காடு உயர்வு. உயர்ந்த பிறகும் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களைவிட இது குறைவுதான் என்றது அரசு. அது உண்மை. அப்படியானால் மாணவர்கள் ஏன் இப்படிக் கொதித்தார்கள்?

அவர்கள் தங்களை ஒப்பிட்டுக்கொண்டது பக்கத்து மாகாணமான ஒண்டாரியோவோடு அல்ல, தங்கள் மாகாணமே ஒருகாலத்தில் வைத்த இலக்கோடு. 1960-களில் கியூபெக்கின் கல்வி அமைப்பை அடியோடு மாற்றியமைத்த பாரன் ஆணையம், பல்கலைக்கழகக் கல்வி ஒருநாள் இலவசமாக வேண்டும் என்று எழுதிவைத்தது. அந்த ஆணையத்தின் வழியாகத்தான் 1967-இல் ‘செஜெப்’ என்ற கல்லூரிகள் பிறந்தன: உயர்நிலைப் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட, கல்விக் கட்டணம் இல்லாத கல்லூரிகள். பல்கலைக்கழகக் கட்டணம் 1990 வரை ஏறத்தாழ அசையாமல் இருந்தது. பின்னர் நான்கைந்து ஆண்டுகளில் மும்மடங்காகி, 1994-இல் மீண்டும் உறைந்தது. 2007-இலிருந்து ஆண்டுக்கு 100 டாலர் வீதம் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில முறை வென்றும் இருக்கிறார்கள். தெருவுக்கு வந்தால் அரசு இறங்கி வரும் என்பது அங்கே ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

அந்தப் பாடத்தின் அடையாளம் சட்டையில் ஊசியால் குத்திய சிவப்புத் துணிச் சதுரம். கியூபெக்கில் பேசும் பிரெஞ்சு மொழியில் ‘சிவப்பில் இருப்பது’ என்றால் கடனில் இருப்பது. ‘அப்பட்டமாக’ என்று பொருள்படும் சொல்லின் உள்ளே ‘சதுரம்’ என்ற சொல் ஒளிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ‘அப்பட்டமாகக் கடனில்’ என்ற சிலேடை வரும். 2005 வேலைநிறுத்தத்தில் மாணவர்களிடையே பரவிய அந்தச் சதுரம் 2012-இல் பேராசிரியர்கள், தாத்தா பாட்டிகள், வீட்டுப் பால்கனிகள் வரை எட்டியது.

வேலைநிறுத்தம் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லே அங்கு ஒரு சண்டை. மாணவர் வகுப்புக்குப் போகாவிட்டால் நம் செய்தித்தாள்கள் ‘வகுப்புப் புறக்கணிப்பு’ என்று எழுதும். யாருக்கும் அதில் உறுத்தல் இருக்காது. கியூபெக்கிலோ ‘புறக்கணிப்பு’ என்பது அரசின் சொல், ‘வேலைநிறுத்தம்’ என்பது மாணவர்களின் சொல். புறக்கணிப்பு தனிமனிதர் முடிவு: நீ போகாவிட்டால் போகாதே, போக விரும்புகிறவரைத் தடுக்க உனக்கு என்ன உரிமை? வேலைநிறுத்தமோ கூட்டு முடிவு: பேரவை கூடி வாக்கெடுத்து முடிவு செய்தால் எதிர்த்து வாக்களித்தவரும் கட்டுப்பட வேண்டும். தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குச் சட்டத்தில் தெளிவான இடம் உண்டு. மாணவர் வேலைநிறுத்தத்துக்கு அப்படி எந்த இடமும் எழுதப்படவில்லை. பல பத்தாண்டுகள் அது வழக்கத்தின் பலத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் இந்த வெற்றிடம்தான் வேர்.

வழக்கம் என்றாலும் அதற்கு எலும்புகள் இருந்தன. 1983-இன் ஒரு சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற மாணவர் சங்கத்துக்கான சந்தாவைக் கல்வி நிறுவனமே எல்லா மாணவரிடமும் வசூலித்துக் கொடுக்க வேண்டும். சங்கங்களுக்குப் பணமும் அலுவலகமும் இருந்தன. துறைவாரியாகப் பேரவை கூட்டி, கையுயர்த்தியோ ரகசிய வாக்கெடுத்தோ வேலைநிறுத்தத்தைத் தொடங்குவார்கள், குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி கூடிப் புதுப்பிப்பார்கள். 2012 பிப்ரவரி 13 அன்று தொடங்கியது இப்படித்தான். மார்ச் 22 அன்று மாண்ட்ரியலில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டபோது, வகுப்புக்கு வெளியே மூன்று லட்சம் மாணவர்கள் இருந்தார்கள். ‘கிளாஸ்’ என்ற பரந்த கூட்டணியும், பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒன்றும் செஜெப் மாணவர்களுக்கு ஒன்றுமாக இரு கூட்டமைப்புகளும் முன்னின்றன. கிளாஸ் தரப்பில் காப்ரியேல் நடோ-துபுவாவும், மற்ற இரண்டின் தரப்பில் மார்ட்டின் தேஜார்தேனும் லேயோ புரோ-புளுவேனும் தினமும் தொலைக்காட்சியில் தோன்றினார்கள்.

அரசு இரண்டு மாதங்களுக்கு மேல் காத்திருந்தது; களைத்துப் போவார்கள் என்ற எண்ணம் போலும். ஏப்ரல் 27 அன்று ஷாரே ஒரு சமரசம் சொன்னார். உயர்வை ஐந்துக்குப் பதில் ஏழு ஆண்டுகளில் பரப்பி ஆண்டுக்கு 254 டாலராக்குவோம், உதவித்தொகையைக் கூட்டுவோம் என்றார். நாளுக்கு 50 சென்ட்தான் வருகிறது என்றும் கணக்குக் காட்டினார். மாணவர்களும் கணக்குப் போட்டார்கள். ஏழு முறை 254 என்பது 1,778. பழைய திட்டத்தின் மொத்த உயர்வு 1,625. சமரசத்தின் முடிவில் கட்டணம் முன்பு சொன்னதைவிட அதிகம்! புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளிடம் போய் இந்தக் கணக்கைக் காட்டியது துணிச்சலான காரியம்தான்.

இதற்கிடையே சண்டை நீதிமன்றத்துக்குள் நுழைந்திருந்தது. வகுப்புக்குப் போக விரும்பிய மாணவர்கள் தனித்தனியாக வழக்குப் போட்டு, ‘எனக்கு வகுப்பு நடத்த வேண்டும், வாசலை மறிக்கக் கூடாது’ என்று உத்தரவு வாங்கினார்கள். வாசலில் மறியல் தொடர்ந்தது. உள்ளே நுழையப் போலீஸ் துணை வேண்டியிருந்தது. நீதிமன்றம் சொன்னது ஒன்று, வாசலில் நடந்தது வேறொன்று. மே 4 அன்று ஆளுங்கட்சிக் கூட்டம் நடந்த ‘விக்டோரியாவில்’ என்ற நகரில் மோதல் மூண்டு போராட்டக்காரர்கள் சிலர் படுகாயமடைந்தார்கள். மே 14 அன்று கல்வி அமைச்சர் லின் போஷாம் பதவி விலகினார். நான்கு நாட்களில் 78-ஆம் மசோதா, இரவு முழுவதும் நீண்ட விவாதத்துக்குப் பின், 68-க்கு 48 என்ற வாக்கில் சட்டமானது. சட்டமானபின் அதன் எண் 12. ஆனால் மக்கள் வாயில் 78-தான் நின்றது. ‘லத்திச் சட்டம்’ என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

சட்டத்தின் உள்ளே

அதன் முழுப் பெயர், மாணவர்கள் தாங்கள் பயிலும் நிறுவனங்களில் கல்வி பெற வழிசெய்யும் சட்டம் என்பது போன்ற ஒன்று. பெயரில் தடை என்ற சொல்லே இல்லை. முதல் வேலையாக, பாதியில் நின்ற பருவத்தை நிறுத்திவைத்து ஆகஸ்டில் தொடர ஏற்பாடு செய்தது. வகுப்பு நடப்பதை யாரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ தடுக்கக் கூடாது என்றது. உள்ளே போவதற்கு இடைஞ்சலாகும் கூட்டம் எதுவும் வளாக எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிற்கக் கூடாது என்றது.

பிறகு வந்தது ஊர்வலப் பிரிவு. இது மாணவர்களுக்கு மட்டுமானது அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ கலந்துகொள்ளும் ஆர்ப்பாட்டத்தை ஏற்பாடு செய்யும் எவரும் தேதி, நேரம், எவ்வளவு நேரம் நடக்கும், இடம், வழி, பயன்படுத்தும் வாகனங்கள் ஆகியவற்றை எட்டு மணி நேரத்துக்கு முன்பே போலீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பொது ஒழுங்குக்கு ஆபத்து என்று போலீஸ் கருதினால் இடத்தையோ வழியையோ மாற்றச் சொல்லலாம்.

இதில் அநியாயம் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பேருந்துகளைத் திருப்பிவிடவும் ஆம்புலன்சுக்கு வழிவிடவும் யாராவது முன்கூட்டியே சொல்லத்தான் வேண்டும். உலகில் பல நாடுகளில் இப்படிக் கேட்கிறார்கள். ஆனால் ‘தகவல் தருவது’ வேறு, ‘அனுமதி கேட்பது’ வேறு. அனுமதி என்றால் அவர்கள் மறுக்கலாம். தகவல் என்றால் சொல்லிவிட்டுப் போகலாம். கியூபெக் சட்டம் தகவல் மட்டுமே கேட்பதாகச் சொல்லிக்கொண்டது. வழியை மாற்றச் சொல்லும் அதிகாரத்தை அதனுடன் சேர்த்ததும் தகவல் பாதி அனுமதியாகிவிட்டது. இன்னொரு கேள்வியும் உண்டு: முன்பே யாரும் திட்டமிடாத ஊர்வலத்துக்கு யார் எழுதிக் கொடுப்பது? மாலையில் ஒரு செய்தி வருகிறது, கோபத்தில் மக்கள் தெருவுக்கு வருகிறார்கள். எட்டு மணி நேரம் காத்திருந்தால் நள்ளிரவு தாண்டிவிடும்.

உண்மையான பல் இருந்தது பொறுப்புப் பிரிவில். ஒரு மாணவர் சங்கம் ஊர்வலத்தை ஏற்பாடு செய்யாமல் வெறுமனே கலந்துகொண்டால்கூட, கொடுத்த தகவலின்படியே ஊர்வலம் நடக்கத் ‘தக்க வழிகளை’ அது கையாள வேண்டும். தன் உறுப்பினர்கள் சட்டத்தை மீறாதபடி தூண்டவும் வேண்டும். தக்க வழி என்றால் எது? சட்டம் சொல்லவில்லை. குற்றம் செய்ய உதவியவர், ஊக்குவித்தவர், ஆலோசனை சொன்னவர், செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்து உதவியவர் எல்லோருக்கும் அதே குற்றம். இணையத்தில் ஓர் அழைப்பைப் பகிர்ந்தால் அதுவும் ஊக்குவிப்பா என்ற கேள்வி உடனே எழுந்தது.

அபராதம் நாளொன்றுக்கு, தனிநபருக்கு 1,000 முதல் 5,000 டாலர். சங்கத் தலைவருக்கோ பேச்சாளருக்கோ 7,000 முதல் 35,000. சங்கத்துக்கு 25,000 முதல் 1,25,000. மறுமுறை செய்தால் இரட்டிப்பு. அத்துடன், வகுப்பு தடைபட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பருவச் சந்தாவை நிறுத்திவைக்கலாம். பத்து நாள் மறியல் என்றால் பத்துப் பருவம், அதாவது ஐந்து ஆண்டு வருமானம் போய்விடும். சங்கம் செத்துவிடும், ஆனால் எந்தச் சங்கமும் தடைசெய்யப்படவில்லை என்று அரசு சொல்லிக்கொள்ளலாம்.

இந்த உத்தி வானத்திலிருந்து குதித்ததல்ல. கியூபெக்கில் வேலைநிறுத்தம் செய்யும் ஊழியர்களை வேலைக்குத் திருப்ப ‘சிறப்புச் சட்டம்’ கொண்டுவருவது பழைய பழக்கம். 1986-இல் மருத்துவமனை ஊழியர்களுக்கு எதிராக வந்த 160-ஆம் சட்டம், ஒரு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பன்னிரண்டு வாரச் சங்கச் சந்தாவைப் பறித்தது. அதே அச்சில் வார்த்ததுதான் 2012-இன் சட்டம். இங்கே ஒரு வேடிக்கை. ‘இது வேலைநிறுத்தமே அல்ல, புறக்கணிப்பு’ என்று மாதக்கணக்கில் சொன்ன அரசு, கடைசியில் வேலைநிறுத்தத்தை முறிக்கும் சட்டத்தின் வடிவத்தையே கையில் எடுத்தது.

பாத்திரம் தட்டியவர்கள்

நான்கே நாளில் சோதனை வந்தது. மே 22, வேலைநிறுத்தத்தின் நூறாவது நாள். மாண்ட்ரியலில் மாபெரும் ஊர்வலம். இரு கூட்டமைப்புகளும் தொழிற்சங்கங்களும் வழியை எழுதிக் கொடுத்திருந்தன. கிளாஸ் வேண்டுமென்றே கொடுக்கவில்லை. கூட்டத்தில் பெரும்பகுதி எழுதிக் கொடுத்த வழியை விட்டு விலகி நடந்தது. அத்தனை ஆயிரம் பேரைப் போலீஸ் என்ன செய்யும்? பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த வாரத்திலிருந்து இரவு எட்டு மணிக்குப் பால்கனிகளில் பாத்திரம் தட்டும் ஓசை கேட்கத் தொடங்கியது. சிலியில் பழகிய எதிர்ப்பு முறை அது. கரண்டியும் வாணலியுமாகக் குழந்தைகளோடு தெருமுனைக்கு வந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல்தான், எழுதிக் கொடுத்தவர் எவருமில்லை. மே 28 அன்று வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடு மௌனமாக நடந்தார்கள். ஜூனில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் ஜெனீவாவில் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கவலை தெரிவித்தார். அவர் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினரான நவநீதம் பிள்ளை என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. கட்டணத்தைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாதவர்களும், ஏன், உயர்வு சரி என்றவர்களில் சிலரும்கூட இந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். பணத்தைப் பற்றிய தகராறை உரிமையைப் பற்றிய தகராறாக மாற்றிக்கொடுத்தது மாணவர்கள் அல்ல, அரசுதான்.

சட்டத்தை இடைக்காலமாக நிறுத்திவைக்க மாணவர் அமைப்புகள் கேட்டதை ஜூன் 27 அன்று நீதிமன்றம் மறுத்தது. செப்டம்பர் 4 தேர்தலில் ஷாரே ஆட்சியையும் தன் சொந்தத் தொகுதியையும் இழந்தார். இருபது வயது லேயோ புரோ-புளுவேன், வென்ற கட்சியின் சார்பில் உறுப்பினரானார். புதிய முதல்வர் போலின் மருவா அந்த மாதமே கட்டண உயர்வை ரத்துசெய்தார். சட்டத்தின் முக்கியப் பிரிவுகளையும் முடிவுக்குக் கொண்டுவந்தார். 2013-இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்வு என்று முடிவானது. அந்த முடிவை எதிர்த்தும் ஊர்வலங்கள் நடந்தன.

சின்ன விதி, பெரிய வேலை

பொதுவாகக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இனிமேல்தான். அந்த வசந்தத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மே 23 இரவு மாண்ட்ரியலில் மட்டும் ஐந்நூற்றுக்கும் மேல். ஆனால் மாண்ட்ரியல் போலீஸ் பெரிதும் கையில் எடுத்தது உலகம் முழுக்கத் திட்டிய அந்தச் சட்டத்தை அல்ல. நெடுஞ்சாலைப் பாதுகாப்பு விதியையும், ‘பி-6’ என்ற மாநகராட்சி விதியையும் எடுத்தார்கள்.

பி-6-இன் வேர் 1969-இல். ஊர்வலங்களைக் கட்டுப்படுத்த அப்போது மாண்ட்ரியல் ஒரு விதி இயற்றி, அதன் கீழ் எல்லா ஆர்ப்பாட்டங்களையும் முப்பது நாட்களுக்குத் தடைசெய்தது. பெண்கள் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு அதை எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-இல் நீதிமன்றம், ஆர்ப்பாட்டம் என்பது பேச்சு அல்ல, கூட்டுச் செயல் என்று சொல்லி விதியை ஆதரித்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் கனடாவின் உரிமைகள் சாசனம் வந்து, கருத்துரிமையையும் அமைதியாகக் கூடும் உரிமையையும் அரசியலமைப்பில் எழுதியது. விதி மட்டும் அப்படியே இருந்தது. 2012 மே 18 அன்று, மாகாணச் சட்டம் நிறைவேறிய அதே நாளில், மாநகராட்சி அதில் இரண்டு வரி சேர்த்தது: இடத்தையும் வழியையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், காரணமின்றி முகத்தை மறைக்கக் கூடாது. அபராதம் 500 டாலரிலிருந்து தொடங்கும்.

மாகாணச் சட்டத்துக்கு 2013 ஜூலை 1 என்று காலாவதித் தேதி இருந்தது. பி-6-க்கு அப்படி எதுவும் இல்லை. 2013-இல் வழியைச் சொல்லாத ஊர்வலங்களை நான்கு பக்கமும் சுற்றி வளைத்து, உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு மொத்தமாக அபராதச் சீட்டு எழுதினார்கள். தத்துவ ஆசிரியர் ஒருவர் பாண்டா கரடி வேடத்தில் ஊர்வலங்களுக்கு வந்து மாணவருக்கும் போலீசுக்கும் நடுவில் நிற்பார். ஒருமுறை அந்தப் பாண்டாத் தலையையும் பறிமுதல் செய்தார்கள். பி-6-ஐ எதிர்த்து வழக்குப் போட்டு வென்றவர் அவரே.

கனடாவில் இத்தகைய வழக்கை எடைபோடும் முறை 1986-இன் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து வருகிறது. உரிமைக்கு எல்லை போடலாம். ஆனால் அந்த எல்லை நியாயமானது என்று காட்ட வேண்டியது அரசு. நோக்கம் முக்கியமானதா, வழி அந்த நோக்கத்துக்குப் பொருந்துகிறதா, இதைவிடக் குறைவாகக் காயப்படுத்தும் வழி இல்லையா, கிடைக்கும் நன்மை பறிபோகும் உரிமைக்கு ஈடாகுமா என்று படிப்படியாகக் கேட்பார்கள். முதல் இரண்டு படிகளை அரசுகள் எளிதில் தாண்டிவிடும்; பொது ஒழுங்கு முக்கியமில்லை என்று எந்த நீதிபதி சொல்வார்? பெரும்பாலும் விழுவது மூன்றாவதில். 2016-இல் முகமூடித் தடை விழுந்தது. வழி சொல்லும் கடமையும் திடீர் ஊர்வலங்களைப் பொறுத்தவரை செல்லாது என்றானது. 2018 மார்ச் 1 அன்று கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கடமையையே முழுதாக நீக்கியது. வழி சொல்லாத ஊர்வலங்களும் பெரும்பாலும் அமைதியாகவே நடக்கின்றன. ஒரு தாள் தரவில்லை என்பதற்காக அமைதியாக நடப்பவரைச் சட்டவிரோதி ஆக்குவது மிகை என்பதே சாரம்.

நடோ-துபுவாவின் வழக்கும் இப்படியே நீண்டது. மறியல் நியாயமானது என்று தொலைக்காட்சியில் சொன்னதற்காக நீதிமன்ற அவமதிப்பில் 120 மணி நேரச் சமூகப் பணித் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அவருக்குக் கிடைத்த விடுதலையை உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபரில்தான் உறுதிசெய்தது. மறு ஆண்டு அவரும் சட்டமன்ற உறுப்பினர்.

78-ஆம் மசோதா செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கடைசி வரை தீர்ப்புச் சொல்லவில்லை. அதற்குள் அது போய்விட்டது. பி-6-ஐ மாண்ட்ரியல் 2019-இல் கைவிட்டது. 2023 பிப்ரவரியில், 2011-க்கும் 2015-க்கும் இடையே ஊர்வலங்களில் கூட்டமாகக் கைதானவர்களிடம் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டு 60 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. 2012 வசந்தத்தில் பத்தொன்பது வயதில் பிடிபட்ட மாணவருக்கு அப்போது முப்பது வயது.